வாராந்தரப் பொது அறிவு வினாடி வினா: வாட்ஸ்அப்பா, கூகுள் ஃபார்மா, கஹூட்டா, நேரலையா?

பெங்களூரில் உள்ள தமிழர்களின் குடியிருப்புக் குழுக்களிலும் பழைய மாணவர் குழுக்களிலும் வாரம் ஒரு பொது அறிவுப் போட்டி வைக்கலாம் என்ற பேச்சு எழுந்தால், அடுத்த நிமிடமே எதில் வைப்பது என்ற வாக்குவாதம் தொடங்கிவிடுகிறது. இருக்கிற வாட்ஸ்அப் குழுவிலேயே முடித்துவிடலாம் என்கிறார் ஒருவர். கூகுள் ஃபார்ம் அனுப்பினால் மதிப்பெண் தானாக வந்துவிடும் என்கிறார் இன்னொருவர். பிள்ளைகள் பள்ளியில் ஆடும் கஹூட் என்ற இணைய வினாடி வினாதான் விறுவிறுப்பானது என்று பெற்றோர்கள் சொல்ல, கல்லூரிக் காலத்தில் மேடை ஏறிய பழைய குவிஸ்காரரோ, அணிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நேரலையில் பதில் சொல்லாவிட்டால் அது போட்டியே இல்லை என்று பிடிவாதம் பிடிக்கிறார். எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்கும் ஒருங்கிணைப்பாளர்கள் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருப்பதால், நான்கு வழிகளையும் ஒரே அளவுகோல்களால் எடை போட்டுப் பார்க்கும் முயற்சி இது.

எதை வைத்து எடை போடுவது

முதலில் பார்க்க வேண்டியது கேள்வி தயாரிப்பவரின் உழைப்பை. ஆடுபவர்களுக்குச் சலித்துப்போய் நின்ற வாராந்தரப் போட்டிகளைவிட, கேள்வி தயாரிப்பவர் களைத்துப்போய் நின்றவையே அதிகம் என்பது என் கணிப்பு. வாரத்துக்கு 10 கேள்வி என்றால் ஆண்டுக்கு 520. ஒவ்வொன்றையும் இரண்டு இடங்களிலாவது சரிபார்த்து, வேறு விடை பொருந்துமா என்று யோசித்து, குழப்பமில்லாத வாக்கியமாக எழுதி முடிப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது போய்விடும். பழைய பொது அறிவுப் புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்தால் நேரம் மிச்சமாகும்தான். ஆனால் கர்நாடகத்தில் 30 மாவட்டங்கள் என்று அந்தப் புத்தகம் சொல்லும். 2021இல் விஜயநகரம் பிரிந்த பிறகு அது 31. தமிழ்நாட்டுக்கு 32 என்று அச்சிட்ட புத்தகங்கள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. 2020இல் மயிலாடுதுறையோடு அது 38 ஆகிவிட்டது. சனிக் கோளின் நிலவுகள் 2025 மார்ச்சில் ஒரே அறிவிப்பில் 128 கூடி 274 ஆயின. ஆகவே தயாரிப்பு உழைப்பை எந்தக் கருவியும் குறைத்துவிடாது. திருத்துவது, கூட்டுவது, அறிவிப்பது ஆகிய மற்ற வேலைகளை எந்தக் கருவி குறைக்கிறது என்பதைத்தான் நாம் ஒப்பிட முடியும்.

இரண்டாவது அளவுகோல் எழுத்து. சென்னையில் பெரிதாகத் தோன்றாத இந்தச் சிக்கல் பெங்களூரில் முன்னால் வந்து நிற்கிறது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் பிறந்து வளர்ந்தவர்களில் பலர் வீட்டில் சரளமாகத் தமிழ் பேசுவார்கள். பள்ளியில் படித்ததோ கன்னடமும் ஆங்கிலமும். ஒயிட்ஃபீல்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறார்கள். திரையில் தமிழை வாசித்து நொடிக்கணக்கில் பதில் தர வேண்டிய எந்த முறையிலும், விடை தெரிந்தவரை வேகமாக வாசிப்பவர் முந்திவிடும் வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, எல்லோரும் ஒரே நேரத்தில் கூட முடியுமா என்பது. வெள்ளிக்கிழமை இரவு சேலத்துக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் ஏறிவிட்டு, ஞாயிறு இரவு அத்திப்பள்ளி தாண்டி ஓசூர் சாலையில் ஊர்ந்து திரும்புபவர்கள் ஒவ்வொரு குழுவிலும் இருக்கிறார்கள். வார நாட்களில் சில்க் போர்டு நெரிசலைக் கடந்து வீடு சேர்பவர்களுக்கு இரவு எட்டு மணி என்பதும் உறுதியான நேரம் அல்ல.

நான்காவது, கைபேசியில் தேடி விடை எழுதுவதை எவ்வளவு தடுக்க முடியும்; ஐந்தாவது, மதிப்பெண் பற்றிய தகராறு வந்தால் அதை எப்படித் தீர்ப்பது. செலவை நான் தனி அளவுகோலாக வைக்கவில்லை. நான்குமே இலவசமாகத் தொடங்கக் கூடியவை. பணம் கேட்கும் இடங்களை அந்தந்தப் பகுதியிலேயே சொல்கிறேன்.

வாட்ஸ்அப், அதன் பக்கத்தில் டெலிகிராம்

வாட்ஸ்அப்பின் பெரிய பலம், ஆட்கள் ஏற்கெனவே அங்கே இருப்பது. புதிதாக எதையும் நிறுவச் சொல்ல வேண்டாம், இணைப்பைத் திறக்கத் தெரியாத பெரியவர்களுக்குச் சொல்லித்தரவும் வேண்டாம். கேள்வியைக் குரல் பதிவாகவே அனுப்பிவிடலாம் என்பதால், எழுத்துச் சிக்கலும் பாதி தீர்ந்துவிடுகிறது. 2022இல் வந்த வாக்கெடுப்பு வசதியில் 12 விருப்பங்கள் வரை தரலாம்.

ஆனால் அந்த வாக்கெடுப்பு கருத்துக் கேட்பதற்காக அமைந்தது; போட்டிக்கு அது சரியாகப் பொருந்துவதில்லை. யார் எதற்கு வாக்களித்தார்கள் என்பது பெயரோடு மற்றவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது, வாக்கை மாற்றிக்கொள்ளவும் முடிகிறது. குழுவில் விவரம் தெரிந்தவர் என்று பெயரெடுத்தவர் முதலில் ஒரு விடையைத் தொட்டுவிட்டால், அடுத்து வரும் பத்துப் பேரும் அதையே தொடுகிறார்கள். அவர் தவறினால் எல்லோரும் சேர்ந்து தவறுகிறார்கள். இதைத் தவிர்க்க, விடைகளை நடத்துநருக்குத் தனிச் செய்தியில் அனுப்பச் சொல்லலாம். அப்போது மறைந்திருந்த செலவு வெளியே வருகிறது: 40 பேர் பத்துப் பத்து விடை அனுப்பினால், 400 விடைகளை ஒருவர் உட்கார்ந்து கைக்கணக்காகத் திருத்த வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. ‘இன்று காவிரித் தண்ணீர் வருமா, டேங்கருக்குச் சொல்லியாயிற்றா’ என்ற விசாரிப்புகளுக்கும் காலை வணக்கப் படங்களுக்கும் நடுவில் ஏழாவது கேள்வி எங்கோ மேலே போய்விடும்.

டெலிகிராம் இந்த இடத்தில் மேலானது. 2020இல் அது கொண்டுவந்த வினாடி வினா முறையில் ஒரு முறை தொட்ட விடையை மாற்ற முடியாது, மற்றவர்களின் வாக்கு நிலவரமும் நாம் பதில் தந்த பிறகே தெரியும், விடைக்கான சிறு விளக்கத்தையும் 200 எழுத்துகளுக்குள் இணைத்துவிடலாம். தொடர் கேள்விகளை நேரக் கட்டுப்பாட்டோடு கேட்டுத் தரவரிசை போட்டுத் தரும் ‘பாட்’ என்ற தானியங்கி வசதியும் இலவசம்தான். ஆட்களை அங்கே அழைத்துப்போவதுதான் பாடு. புதிய செயலி என்றவுடன் குழுவின் மூத்தவர்கள் ஒதுங்கிவிடுவார்கள்.

சுமார் 30 பேருக்குள் உள்ள, ஒருவரையொருவர் நன்கு அறிந்த குழுவுக்கு வாட்ஸ்அப்பே போதும். அங்கும் பத்துக் கேள்விகளை ஒரே நாளில் கொட்டாமல், திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு இரண்டாகப் பிரித்துக் கேட்பது நல்லது. திருத்தும் சுமையும் அதே அளவில் பிரிந்துவிடும்.

கூகுள் ஃபார்ம்

ஊருக்குப் போனவரும் இரவுப் பணியில் இருப்பவரும் விட்டுப்போகாமல் ஆடக்கூடிய முறை இது. வெள்ளி மாலை இணைப்பை அனுப்பி ஞாயிறு இரவு மூடினால், இரண்டு நாள் அவகாசத்தில் யாரும் தனக்கு வசதியான நேரத்தில் எழுதலாம். வினாடி வினா முறையை இயக்கி, விடைகளையும் மதிப்பெண்களையும் முன்கூட்டியே பதிந்துவிட்டால் திருத்தும் வேலை தானாக நடக்கும். விடைகள் நேர முத்திரையோடு விரிதாளில் சேரும். ஆண்டு முழுவதற்குமான தரவரிசையை அதிலிருந்தே போட்டுவிடலாம். படக் கேள்விகளும் வைக்கலாம்.

அமைப்புகளில் ஒரு பொறி இருக்கிறது. மதிப்பெண்ணைச் சமர்ப்பித்தவுடன் காட்டும்படி விட்டுவிட்டால், வெள்ளி இரவே எழுதி முடித்தவருக்கு எல்லா விடைகளும் தெரிந்துவிடும். சனி மதியத்துக்குள் அது நண்பர்களுக்கும் போய்விடும். ஆய்வுக்குப் பிறகு வெளியிடுவது என்ற தெரிவைத்தான் எப்போதும் வைக்க வேண்டும். சமர்ப்பித்த பின் திருத்தும் அனுமதியையும் நிறுத்திவிட வேண்டும். ஒருவருக்கு ஒரு விடைத்தாள் என்று கட்டுப்படுத்தினால் கூகுள் கணக்கில் உள்நுழையச் சொல்லும். கணவனும் மனைவியும் ஒரே கைபேசியில் ஆடும் வீடுகளில் இது தடையாகிவிடும்.

சொற்களால் எழுதும் விடைகளில்தான் நேரம் கரைகிறது. கிருஷ்ணராஜ சாகர் அணையின் தலைமைப் பொறியாளரும் 1955இல் பாரத ரத்னா பெற்றவருமானவர் யார் என்று கேட்டுப் பாருங்கள். விரிதாளின் அந்த ஒரு நிரலில் விஸ்வேஸ்வரய்யா, விஸ்வேஸ்வரையா, விசுவேசுவரய்யா, விஸ்வேசுவரையர், சர் எம்.வி., வெறும் எம்.வி. என்று வரிசையாக வந்து நிற்கும். ஆங்கில எழுத்தில் வந்தவை தனி. நாம் பதிந்த வடிவத்தோடு ஒத்துப்போகாத ஒவ்வொன்றையும் ஃபார்ம் தவறு என்றே குறிக்கும். ஏற்கத்தக்க வடிவங்கள் பலவற்றை முன்பே சேர்த்துவைக்கலாம். எல்லாவற்றையும் யாராலும் ஊகிக்க முடியாது. ஆகவே சொல்விடைக் கேள்விகளை மூன்றுக்கு மேல் வைக்காமல், மற்றவற்றை விருப்பத் தெரிவாக வைத்து, அந்த மூன்றை மட்டும் கையால் ஒரு முறை பார்ப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

தேடலைத் தடுக்க ஃபார்மில் வழி இல்லை. கேள்விக்குக் கேள்வி நேரக் கட்டுப்பாடும் அதற்குள்ளேயே கிடையாது. கோலார் தங்கச் சுரங்கம் எந்த ஆண்டு மூடப்பட்டது என்று கேட்டால், 2001 என்ற விடை கைபேசியில் ஐந்து நொடியில் வந்து விழும். படத்தைக் கேட்டாலும் கூகுள் லென்ஸ் சொல்லிவிடுகிறது. எனவே இந்த முறைக்குத் தேடினாலும் யோசிக்க வேண்டிய கேள்விகள் தேவை. எடுத்துக்காட்டாக: ‘1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து எடுத்த மின்சாரம், பெங்களூருக்கும் வராமல் மைசூருக்கும் போகாமல், ஏறத்தாழ 150 கிலோமீட்டர் கம்பியில் ஓடி முதலில் ஓர் ஊரைச் சென்றடைந்தது. எந்த ஊர்? ஏன் அந்த ஊர்?’ கோலார் தங்கவயல் என்பது விடை. ஆழச் சுரங்கங்களில் இயந்திரங்களை ஓட்ட மின்சாரம் தேவைப்பட்டது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்த குடும்பங்கள் பெங்களூர்த் தமிழர்களிடையே நிறைய இருப்பதால், இந்தக் கேள்விக்கு வீட்டில் ஒரு பேச்சு நடந்து விடை வரும். இத்தகைய கேள்வி ஒன்றை எழுதத் தேதிக் கேள்வி ஐந்தை எழுதும் நேரம் ஆகும். கூகுள் ஃபார்மின் உண்மையான மறைமுகச் செலவு அதுதான்.

சமநிலை வந்தால் முதலில் அனுப்பியவருக்கு வெற்றி என்று நேர முத்திரையைப் பயன்படுத்தும் வழக்கத்தை நான் ஏற்பதில்லை. பஸ்ஸில் இருந்தவரைத் தண்டிப்பதற்காக இரண்டு நாள் அவகாசம் தர வேண்டியதில்லை. வெற்றியாளர் இருவர் என்று அறிவித்துவிடலாம்.

கஹூட்

நார்வேயில் உருவாகி 2013இல் வெளிவந்த கஹூட் வகுப்பறைக்காகவே பிறந்தது, விறுவிறுப்பில் மற்ற மூன்றும் அதற்கு ஈடாகாது. நேரம் ஓடுகிறது, இசை ஒலிக்கிறது, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் தரவரிசை மாறுகிறது. திருத்தும் வேலை அறவே இல்லை, தகராறும் அநேகமாக இல்லை, தேட நேரமும் இல்லை. இலவசத் திட்டத்தில் ஆடுவோர் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு. பெரிய குழு என்றால் கட்டணத் திட்டத்துக்கு மாற வேண்டியிருக்கும்.

சிக்கல் அதன் மதிப்பெண் முறையில் உள்ளது. சரியான விடைக்கு அதிகபட்சம் 1,000 புள்ளிகள். நேரம் கடக்கக் கடக்க அது பாதி வரை குறையும். 20 நொடிக் கேள்வியில் நான்காவது நொடியில் சரியாகத் தொட்டவருக்கு 900, பதினான்காவது நொடியில் தொட்டவருக்கு 650. இருவருக்கும் விடை ஒரே அளவு தெரியும். இரண்டாமவர் தமிழை எழுத்துக்கூட்டி வாசித்தார் என்பதே வேறுபாடு. பத்துக் கேள்விகளில் இது 2,500 புள்ளி வித்தியாசமாகக் குவிந்துவிடும். கேள்விக்கான எழுத்து எண்ணிக்கை வரம்பும் தமிழுக்கு நெருக்கடி தரும். கணினி உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியே எண்ணுவதால், நம் கண்ணுக்கு 8 எழுத்தாகத் தெரியும் ‘விஸ்வேஸ்வரய்யா’ அதற்கு 14. சிவசமுத்திரக் கேள்வியை அந்தப் பெட்டிக்குள் அடைக்கவே முடியாது. தேதியும் தலைநகரமும் நாணயமும்தான் கேட்க முடியும்.

நேரத்தை ஒரு நிமிடமாக நீட்டி, நடத்துநர் கேள்வியை உரக்க வாசித்தால் பாதிப்பு குறையும். பொங்கல் விழாவில் குடியிருப்பு அரங்கின் திரையில், பள்ளிப் பிள்ளைகளோடு நடத்துவதற்கு இதைவிட நல்லது கிடையாது. வாராவாரம் என்றால் வேகவிரல் கொண்ட அதே நான்கு பேர் தொடர்ந்து வெல்வார்கள், மற்றவர்கள் ஒரு மாதத்தில் விலகிவிடுவார்கள்.

ஜூம் அல்லது மீட்டில் நேரலை

பெங்களூருக்கு இதில் ஒரு மரபு உண்டு. 1983இல் தொடங்கிய கர்நாடகா குவிஸ் அசோசியேஷன் இந்த ஊரில் திறந்த போட்டிகளைப் பல பத்தாண்டுகளாக நடத்திவருகிறது. நகரின் குவிஸ்காரர்கள் பழகியிருப்பது அந்த மேடை முறைக்கே. கேள்வி ஓர் அணியால் முடியாவிட்டால் அடுத்த அணிக்கு நகர்ந்துகொண்டே போகும். முறை வராத அணி தனக்கு விடை உறுதி என்றால், நடத்துநருக்குத் தனிச் செய்தியில் முந்திக்கொண்டு எழுதி அனுப்பலாம்; சரியென்றால் மதிப்பெண், தவறென்றால் கழிவு.

இந்த முறையில் கேள்வி காதால் கேட்கப்படுகிறது, விடை வாயால் சொல்லப்படுகிறது. தமிழ் வாசிக்கத் தெரியாத பேரனும் சிற்றெழுத்து தெரியாத பாட்டியும் ஒரே அணியில் இருக்கலாம். ‘சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில், மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியாளர் படையோடு இங்கே பணியாற்றிய ஒரு பிரிட்டிஷ் அதிகாரி, நீண்ட குழாயில் வெடிமருந்தை அடைத்து முள்வேலியைத் தகர்க்கும் கருவி ஒன்றைச் செய்தார், 1944இல் நார்மண்டிக் கடற்கரை வரை போன அந்தக் கருவியின் பெயர் என்ன?’ என்று கேட்டுவிட்டுக் கவனியுங்கள். முதலில் அமைதி. பிறகு ஒருவர், ‘இங்கேயென்றால் ஊர்ப் பெயர் இருக்குமோ’ என்று மெல்ல ஆரம்பிப்பார். குழாய் என்றதும் பீரங்கி என்பார் ஒருவர், இல்லை, வெடிக்கும் குழாய் என்றால் டார்ப்பிடோ என்பார் மற்றவர். ஊர்ப் பெயரையும் டார்ப்பிடோவையும் ஒட்டவைத்தவுடன் ‘பெங்களூர் டார்ப்பிடோ’ வந்துவிடும். தெரியாததைச் சேர்ந்து கண்டுபிடிக்கும் இந்த மகிழ்ச்சி மற்ற மூன்று முறைகளிலும் அரிது.

இதற்கான விலையும் அதிகம். நடத்துநர் ஒருவர், மதிப்பெண் குறிக்கவும் தனிச் செய்திகளைப் பார்க்கவும் இன்னொருவர் என்று வாராவாரம் இரண்டு பேர் வேண்டும். ஜூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். கூகுள் மீட்டில் மூவருக்கு மேல் என்றால் 60 நிமிடம். ஒரு கேள்விக்கு இரண்டு நிமிடம் என்று வைத்தால், ஜூமில் 15 கேள்விகளுக்கு மேல் திட்டமிடக் கூடாது. தகராறையும் அங்கேயே, அந்த நிமிடத்திலேயே தீர்க்க வேண்டியிருக்கும். மெட்ராஸ் மாநிலம் எப்போது தமிழ்நாடு ஆனது என்று கேட்டால், சட்டமன்றத் தீர்மானத்தை வைத்து 1967 என்பார் ஒருவர், நாடாளுமன்றச் சட்டத்தை வைத்து 1968 என்பார் இன்னொருவர், நடைமுறைக்கு வந்த 1969 ஜனவரி 14ஐச் சொல்வார் மூன்றாமவர். மூவரிடமும் ஆதாரம் இருக்கும். ‘எந்த நாளில் நடைமுறைக்கு வந்தது’ என்று கேள்வியிலேயே எழுதியிருந்தால் அந்தப் பத்து நிமிடம் வீணாகாது. ஃபார்மில் இதே தகராறு வந்தால் திங்கட்கிழமை நிதானமாகப் பார்த்துத் திருத்தலாம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| அளவுகோல் | வாட்ஸ்அப் | கூகுள் ஃபார்ம் | கஹூட் | நேரலை |
|---|---|---|---|---|
| போட்டிக்குப் பிந்தைய வேலை | மிக அதிகம் | சொல்விடைகள் மட்டும் | இல்லை | குறைவு. ஆனால் இருவர் தேவை |
| தமிழ் வாசிக்கத் தெரியாதவர் | குரல் பதிவால் ஆடலாம் | உதவி வேண்டும் | பின்தங்குவார் | தடையின்றி ஆடலாம் |
| ஊருக்குப் போனவர் | ஆடலாம் | ஆடலாம் | கடினம் | கடினம் |
| தேடி எழுதுவது | தடுக்க முடியாது | கேள்வியின் தரமே தடுப்பு | நேரமில்லை | ஓரளவு தடுக்கலாம் |
| தகராறு | குழுவிலேயே சண்டை | பிறகு திருத்தலாம் | அரிது | உடனே தீர்க்க வேண்டும் |

யாருக்கு எது

50 முதல் 200 பேர் வரை உள்ள, வயதும் வேலை நேரமும் கலந்த பெங்களூர்த் தமிழ்க் குழு என்றால், வாராந்தரப் போட்டியைக் கூகுள் ஃபார்மில் வைத்து, ஒவ்வொரு கேள்வியையும் நடத்துநர் குரலில் பதிந்து வாட்ஸ்அப்பில் கூடவே அனுப்புவதுதான் என் தேர்வு. எழுத்துச் சிக்கலுக்கு இதைவிட மலிவான மருந்து இல்லை. மாதத்தின் கடைசி வாரத்தில் ஃபார்முக்குப் பதிலாக நேரலை வைக்கலாம். பொங்கல், தீபாவளி போன்ற நீண்ட விடுமுறையை ஒட்டிய வாரத்தில் மட்டும் அதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் பாதிக் குழு ஊரில் இருக்கும். பழைய கல்லூரிக் குவிஸ்காரர்கள் எட்டுப் பத்துப் பேர் சேர்ந்த குழுவுக்கு இதெல்லாம் வேண்டாம், நேராக நேரலைக்கே போகலாம். பிள்ளைகள் மட்டும் என்றால் கஹூட், அதுவும் ஆங்கிலத்திலோ மிகச் சிறிய தமிழ்க் கேள்விகளிலோ.

எதைத் தேர்ந்தாலும் கேள்வி தயாரிப்பவர்கள் மூன்று பேராவது சுழற்சியில் இருக்க வேண்டும். வென்றவரே அடுத்த வாரம் கேள்வி தயாரிக்க வேண்டும் என்ற விதி கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில் சிறந்த ஆட்டக்காரர் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆட முடியாமல் போகிறார், சிலர் வேண்டுமென்றே ஒரு விடையைத் தவறவிடவும் தொடங்குகிறார்கள். பெயர்ப் பட்டியல் போட்டு, கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரே விரிதாளில் விடையோடும் ஆதாரத்தோடும் சேர்த்துவந்தால், புதிதாக வருபவர் முன்பு கேட்டதையே மீண்டும் கேட்கும் தொல்லையும் குறையும்.

பரிசைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பரிசுத் தொகை கூடக் கூட, தேடி எழுதுவதும் தகராறும் கூடும். அதைவிட முக்கியமாக, ஆளுக்கு 50 ரூபாய் வசூலித்து வென்றவருக்கு மொத்தமாகத் தரலாம் என்ற யோசனையை யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம். 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி விளையாட்டுச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்று பிரித்துப் பார்க்காமல், பணம் கட்டிப் பணம் வெல்லும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. நுழைவுக் கட்டணம் எதுவுமின்றி, குழுவில் ஒருவர் தானாக முன்வந்து வாங்கித் தரும் ஒரு புத்தகத்தைப் பரிசாக வைத்தால் போதும்.